கருமம்: ஒரு சொல் இறங்கிய வழி

கருமம் என்பதற்கு முதற்பொருள் செயல். செய்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல் இது. திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம், ஒருவரின் பெருமையையும் சிறுமையையும் உரைத்துக் காட்டும் கட்டளைக்கல் அவரவர் கருமமே என்கிறது. சைவ சித்தாந்தத்தில் கன்மம் என்ற வடிவில் மும்மலங்களுள் ஒன்றாக நிற்கிறது. வேலையில் மூழ்கியவரைக் ‘கருமமே கண்ணாக இருக்கிறார்’ என்று இன்றும் மெச்சுவார்கள். மெச்சிய அதே வாய், முதல்நாள் மறந்து மூடிவைத்த சாம்பாரைக் காலையில் திறந்து, வாடை குப்பென்று ஏறியதும் ‘கருமம், கருமம்!’ என்று முகத்தைச் சுளிக்கிறது.

இந்த இறக்கம் சாவு வீட்டின் வழியாக நடந்தது. இறந்தவருக்குச் செய்து தீர்க்க வேண்டிய சடங்கும் கருமமே. கருமாதி, கருமாந்திரம் என்ற சொற்கள் அந்தச் சடங்குக்கே உரியவை. கருமம் முடிந்து வருபவர் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. அந்தத் தீட்டு சொல்லின்மேலும் படிந்தது. ‘கருமாந்திரம் புடிச்சது’ என்று ஒரு பொருளைத் தள்ளும்போது, தொடக்கூடாது என்ற அந்தப் பழைய உணர்வே பேசுகிறது. ‘எல்லாம் என் கருமம்’ என்பது வேறு. அது வினைப்பயனை நொந்து தலையில் அடித்துக்கொள்வது. அதில் அருவருப்பு இல்லை.

காரியம் என்ற சொல்லை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் செயலைக் குறிப்பது. பதினாறாம் நாள் சடங்கையும் காரியம் என்றே பலர் சொல்கிறார்கள். ஆனாலும் அது கெடவில்லை. நல்ல காரியம், காரியக்காரர், ‘காரியம் ஆச்சா?’ என்று அன்றாடம் நூறு இடத்தில் புழங்குவதால் சாவின் நிறம் அதில் ஏறாமல் போயிருக்க வேண்டும். கருமத்துக்குப் பேச்சில் அந்தப் புழக்கம் வற்றிவிட்டது. மிஞ்சியது சடங்கும் விதியுமே.

இழவும் இதே வாசல் வழியாக வந்தது. அதன் வேர் இழத்தல். குறளின் இழவூழ், பொருளை இழக்கச் செய்யும் ஊழ். பின்னர் உயிரிழப்பையே குறித்து, பேச்சில் இலை எலையானதுபோல் எழவு ஆனது, தென்கோடியில் எளவு. ஆனால் கருமமும் எழவும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. சாவி அகப்படாதபோது ‘அந்த எழவு சாவி எங்க போச்சு?’ என்பார்கள்; அது எரிச்சல். ஊசிப்போன சாம்பாருக்குக் கருமம்தான் வரும், அது குமட்டல். பெயர் சொல்லவே கூசும் விஷயத்துக்குச் சுட்டுப்பெயர்போலவும் கருமம் நிற்கும்: ‘அந்தக் கருமத்தை ஏன் கேக்குற?’

செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு. நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. அங்கே சாவின்மேல் நல்ல சொல் போர்த்தப்படுகிறது. இங்கே வீணாய்ப்போன குழம்பின்மேல் சாவின் சொல் விழுகிறது. சொல்பவருக்குச் சடங்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பொருள் முற்றும் அழிந்துவிடவும் இல்லை. கல்யாண வீட்டில் பாயசம் கொட்டி, ஒரு பெண் ‘கருமம்’ என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் இருக்கும் கிழவி அடக்குவாள்: ‘நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுடி இது?’