திருவிழாச் சத்தமும் வாலிபர் செவியும்

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உடப்பூர் திரௌபதை அம்மன் கோயிலில் ஆடித் தீமிதிப்பு நெருங்கி வருகின்ற இவ்வேளையில் ஒலிபெருக்கியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கின்றோம். யார் மீதும் குற்றம் சுமத்துவது எமது நோக்கமல்ல. சென்ற மூன்று வருடங்களாக அப்பெட்டிகளின் விசையைத் திருகியவர்கள் நாங்களே. "இன்னும் கொஞ்சம் கூட்டு தம்பி, கடற்கரை வரைக்கும் கேட்க வேணும்" என்று சொன்ன பெரியோர் சிலரும் இச்சபையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் யாரென்று நாங்கள் சொல்லப் போவதில்லை!

எங்களுள் ஒருவருக்குக் கடந்த உற்சவத்தின் பின் வலக்காதில் சில்வண்டு இரைவது போன்ற சத்தம் பிடித்தது. முன்னைய வருடங்களிலும் அப்படி வந்து, இரண்டொரு நாளில் போய்விட்டதுண்டு. இம்முறை போகவில்லை. செவியைச் சோதித்த வைத்தியர், பெட்டியருகே எத்தனை மணித்தியாலம் நின்றீர் என்றுதான் முதலில் கேட்டாராம். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் இந்த வாலிபர். கடல் இரைச்சலுக்கிடையே பின்னால் நிற்பவர்கள் பாடுவது இப்போது அவருக்குத் தெளிவாக விழுவதில்லை.

இது எப்படி நேர்கிறது? உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஏறக்குறைய 15,000 நுண்மயிர்க் கலங்கள் இருக்கின்றன. ஒலியலைக்கு அவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பெருஞ் சத்தத்தில் அவை களைத்துச் சாய்கின்றன. ஓய்வு கொடுத்தால் ஓரளவு நிமிரும். மீண்டும் மீண்டும் தாக்கினால் மடிந்துவிடும். மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் கெடுவது கீச்சொலிகளைக் கேட்கும் பகுதி. ஆகவே பேச்சுக் கேட்கும், ஆனால் "பத்து" என்றதா "சத்து" என்றதா என்று புரியாது.

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் ஆனால் வாரம் முழுவதற்கும் 20 நிமிஷந்தான்! பெரும் பெட்டிகளின் முன்னே 100ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அங்கேதான் நமது சிறுவர்கள் நெஞ்சு அதிர்வதை ரசித்துக்கொண்டு இரவெல்லாம் நிற்கிறார்கள்.

சத்தம் இல்லாவிட்டால் திருவிழாக் களை கட்டாது என்பார்கள். தவிலும் நாதஸ்வரமும் கோயில் வீதிக்கென்றே பிறந்த வாத்தியங்கள். அவற்றின் முன்னே ஒலிவாங்கி எதற்கு? அம்பாப் பாட்டு எந்தப் பெட்டியும் இல்லாமலே அலையை மீறிக் கேட்டதே! ஒலிபெருக்கி வேண்டியது அறிவித்தலுக்கும் கதாப்பிரசங்கத்துக்கும். சினிமாப் பாட்டை அதிகாலையிலிருந்து போடுவது யாருக்காக என்று எங்களுக்கே விளங்கவில்லை, போட்டவர்கள் நாங்களாக இருந்தும்.

இன்னொன்று. விழா முடிந்தபின் இதே வாலிபர்கள் கைத்தொலைபேசிப் பாட்டை இயர்போனில் கேட்கிறார்கள். வள்ளத்து இயந்திர இரைச்சலை அமுக்குவதற்காக அதை மேலும் கூட்டுகிறார்கள். இரைச்சலும் பாட்டும் சேர்ந்து ஒரே செவியைத் தாக்குகின்றன. கூடிய அளவில் 60 வீதத்துக்கு மேல் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காவிட்டால் அது அதிகம் என்று கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. வெலிகாமத்து வழக்கொன்றில் 2007இல் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸார் அனுமதி வழங்கலாகாது என்றது. விசேஷ வைபவங்களுக்கு விலக்குக் கொடுப்பதானால் அயலவர் கருத்தை அறிய வேண்டும் என்றும் கூறியது. எங்கள் அயலில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

எனவே சபையாரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். ஆதலால் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, முன்னால் கயிறு கட்டி, குழந்தைகளை அப்பால் நிறுத்துவோம். ஒரே பெரும் பெட்டிக்குப் பதிலாகச் சிறு பெட்டிகள் பலவற்றைத் தாழ்ந்த சத்தத்தில் வைத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். விசையருகே நிற்கும் தொண்டர்கள் முறை மாறி நிற்கட்டும்; காதுக்குள் பஞ்சுருண்டை வைப்பது பயன் தராது, அதற்கென விற்கும் நுரை அடைப்பான் வாங்க வேண்டும். அச்செலவைச் சங்கம் ஏற்கும்.

அக்கிராசனர் அவர்கள் அனுமதித்தால், நாளை மாலை பூசை முடிந்ததும் பரிபாலன சபையாரும் நாங்களும் கோயில் வீதியில் நின்று, பெட்டிகளுக்குரிய இடங்களைக் குறித்துவிடலாம். அந்த வாலிபரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.