பட்டறை பள்ளிக்குள் வரட்டும்!

சிறுசேரிப் பெரியோர்களே, தாய்மார்களே, சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்ட தம்பி தங்கைகளே!

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மோட்டார் மெக்கானிக் வேலை சொல்லிக் கொடுங்கள் என்று நான் கேட்டால், "குலக்கல்வியைக் கொண்டுவரப் பார்க்கிறாயா?" என்று ஒரு குரல் எழுகிறது. எழ வேண்டிய குரல்தான். 1953-ல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். நாடே கொதித்தது. 1954-ல் அவர் பதவி விலகினார். காமராஜர் வந்து அந்தத் திட்டத்துக்கு முடிவு கட்டினார். நல்ல காரியம் செய்தார்.

ஆனால் இன்று நடப்பது என்ன? பத்தாவதோடு நின்ற பையன் எங்கே போகிறான்? ஓ.எம்.ஆர். ஓரத்து ஷெட்டில் அப்பனுக்கோ மாமனுக்கோ எடுபிடி. டீ வாங்கி வருகிறான், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறான், பல வருஷம் அடிபட்டு நல்ல மெக்கானிக்கும் ஆகிவிடுகிறான். கையில் சான்றிதழ் உண்டா? பி.எஃப். உண்டா? அரசாணை இல்லாமலே நடக்கிற குலக்கல்வி ஐயா இது! இதைப் பார்த்துக் கொதிக்காதவர்கள் என்னைப் பார்த்து ஏன் கொதிக்கிறீர்கள்?

1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. தானியங்கி ஊர்திப் பொறியியலுக்கு அரசே தமிழில் பாடநூல் போட்டிருக்கிறது. புத்தகம் இருக்கிறது, வாத்தியார் எங்கே? ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடாமல் பல பள்ளிகளில் அந்தப் பிரிவையே காயப்போட்டார்கள். மார்க் குறைந்தவனை ஒதுக்கும் மூலை என்று அதற்குப் பெயர் வைத்தது மட்டும் நாம்தான்.

மார்க் குறைந்தவன் வேலையா இது? 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தது. பைக்கிலேயே கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. ஸ்கேனர் மாட்டிப் படிக்கத் தெரியாதவன் கை வைக்க முடியாது. மின்சாரக் காரில் முந்நூறு, நானூறு வோல்ட் ஓடுகிறது. விவரமில்லாமல் தொட்டால் உயிர் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். இதைவிட நல்ல இயற்பியல் பாடம் உண்டா?

"கம்பெனிக்குக் கூலியாள் தயார் செய்கிறாயா?" என்பார்கள். இல்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியதை நம் மாவட்டம் பார்த்தது. ஒரு கம்பெனியின் ஒரு லைனுக்கு மட்டும் பழகியவன் கதி என்ன? அதனால்தான் முழு வண்டியையும் கற்றுக்கொடு என்கிறேன். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கினார்கள், பாராட்டுகிறேன். ஆனால் அந்த மெஷினைத் தொட, பிள்ளை பள்ளியை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறதே! தொழில் படித்தால் மேலே படிக்க வழியில்லை என்றும் நினைக்காதீர்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரே சேரலாம். இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம்?

கேளம்பாக்கம், திருப்போரூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பட்டறை வேண்டும், நிரந்தர வாத்தியார் வேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் அதில் இடம் வேண்டும். ஐ.டி. கம்பெனி மேனேஜர் மகனும் அதே கிரீஸில் கை வைக்க வேண்டும். அப்போதுதான் அது குலக்கல்வி ஆகாது. வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறோம். கைதட்டியது போதும், அன்றைக்கு வந்து கை தூக்குங்கள்!