அடுப்பின்றி ஓர் இனிப்பு



பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கக் கடன்பட வேண்டுவதில்லை. அடுப்பு மூட்டாமலே நாம் பஞ்சாமிர்தம் செய்யலாம்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி மலைவாழைப்பழம் சேர்கிறது. நீர் குறைந்த பழமாதலால் அது எளிதில் கெடுவதில்லை. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் நாம் வாங்கும் பிசாங் மாஸ் அவ்வகையன்று. எனவே, செய்த அன்றே உண்டுவிடல் வேண்டும்.

நன்கு கனிந்த சிறு பழங்கள் 10 எடுத்துப் பிசைந்துகொள்வோம். பொடித்த வெல்லம் அரைக் கோப்பை, கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சம்பழம் 10, கற்கண்டு, நெய், தேன் வகைக்கு 2 மேசைக்கரண்டி, ஏலப்பொடி சிறிது ஆகியவற்றைச் சேர்த்துக் கலப்போம். தண்ணீர் ஒரு துளியும் கூடாது.

தீயில் வேகும் உணவில் கிருமி மடியும். இதிலோ தீயில்லை. ஆகையால் சோப்பிட்டுக் கழுவிய கையும், துடைத்து உலர்த்திய பாத்திரமுமே நமக்குக் காவல். தேன் கலந்திருப்பதால் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு இதனை ஊட்டலாகாது. நீரிழிவு உள்ளோரும் அளவறிந்து உண்ணல் வேண்டும்.

பழம் உரிக்கும் பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். தம் கையால் செய்ததைப் பிறர்க்குப் பகிரும் மகிழ்ச்சியை அவர்களும் அறியட்டும்.