மாதந்தோறும் ஒரு வாக்கு



யுத்தத்தைப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை சனாதிபதிக்கே கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு எஞ்சியவை பாதுகாப்புச் செலவுக்கான வாக்கும், அவசரகால நிலையை மாதந்தோறும் நீடிப்பதா என்ற வாக்குமே. ஊரடங்கும் கைதும் எங்கள் படலை வரை வந்தது அந்த இரண்டாவது வாக்கின் பலத்தில்தான். சபையிற் பலருக்கோ அது வெறுஞ் சடங்கு.

அப்படி விடாதவர்களுள் ஒருவர் கலாநிதி நீலன் திருச்செல்வம். முன்னாள் அமைச்சர் மு. திருச்செல்வத்தின் மகன், ஹார்வர்டிற் சட்டம் பயின்றவர், 1994இல் தேசியப் பட்டியல் மூலம் சபைக்கு வந்தவர். 1999 யூன் 15 அவசரகால விவாதத்தில், போர்க்களச் சாவையும் போற்றலாகாது, உயிரைக் காப்பதே கடன் என்று பேசினார். யூலை 29இல் கொழும்பில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார்.

அந்த ஹன்சாட் பிரதியை, அரசறிவியல் படிக்கும் எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்காக நூலகத்தில் வைக்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.