மூன்றாவது ஷிப்ட்

 

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வார்ப்படத் தொழிலில் இருக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முதுகலை மாணவர் ஒருவர் படிக்கும்போதே ஆலையில் எத்தனை மாதம் இருக்க வேண்டும்? ஆறு மாதம் என்பது என் பதில். அதற்கான காரணத்தை ஒரு பவுண்டரியில் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் கோவையில் எம்.இ. படித்தேன். ப்ராஜெக்டுக்காக கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே பம்ப் கேசிங் வார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் பத்துக்கு இரண்டு கேசிங் கழிவாகப் போனது. வார்த்து எடுக்கும்போது பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. லேத்தில் ஏற்றி ஒரு அடுக்கு சீவிய பிறகுதான் உள்ளே மிளகு அளவில் துளைகள் தெரியும். அதற்குள் உருக்கிய கூலி, கடைந்த கூலி, கரண்ட் எல்லாம் போயிருக்கும்.

நான் கணக்கில் இறங்கினேன். உலோகம் அச்சுக்குள் ஓடிப்போகும் வாய்க்கால்களின் அகலம், வேகம், ஊற்ற ஆகும் விநாடிகள் எல்லாவற்றையும் கணக்கிட்டேன். ஆலைப் பதிவேட்டில் மூன்று மாதக் கழிவை எடுத்து கிராப் தாளில் புள்ளி வைத்தேன். மூன்று வாரம் உழைத்து, வாய்க்காலை அகலப்படுத்தினால் போதும் என்று அறிக்கை எழுதிக்கொடுத்தேன். முதலாளி நம்பி, அச்சு எடுக்கும் பேட்டர்னை மாற்றினார். கழிவு குறையவில்லை. அன்றைய வழக்கப்படி அந்த மூன்று வாரத்தோடு நான் கிளம்பியிருக்கலாம். சான்றிதழும் தயாராக இருந்தது. என் பேராசிரியர்தான் விடவில்லை. "காரணம் தெரியாமல் காலேஜ் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டார்.

அங்கே மோல்டிங்கில் ஒரு பெரியவர் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "கணக்கெல்லாஞ் சரிதான் கண்ணு. ராத்திரி ஷிப்டுக்கு ஒரு நாளு வந்து பாரு."

போனேன். வெளியே தூறல். ஷட்டர் பாதி திறந்திருந்தது. சாயங்காலம் செய்த கோர்களை அந்த ஷட்டர் ஓரமாகத் தரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கேசிங்குக்குள் தண்ணீர் சுற்றிப் போகும் வெற்றிடத்தை உண்டாக்குவது கோர். மணலில் சிலிக்கேட் கலந்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இறுக்குவார்கள். பெரியவர் அப்போதுதான் செய்த கோர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து நகத்தால் கீறச் சொன்னார். நகம் வழுக்கியது. பிறகு ஷட்டர் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கீறினேன். மணல் பொலபொலவென்று உதிர்ந்து என் செருப்பில் விழுந்தது. இரவெல்லாம் ஈரக்காற்றைக் குடித்த கோர் அது. அதன்மேல் 1,350 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்பை ஊற்றினால் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும். விடிகாலையில் ஊற்றிய கேசிங்குகளில்தான் துளை வந்துகொண்டிருந்தது. ஆலைப் பதிவேட்டில் ஊற்றிய தேதி இருந்தது, கோர் செய்த நேரம் இல்லை. நான் வைத்த புள்ளிகளில் அந்த விஷயம் எப்படித் தெரியும்?

மறுநாளிலிருந்து கோர்களை அடுப்புப் பக்கம் மரப்பலகையில் அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் செய்த நேரத்தைச் சாக்பீஸால் எழுதினோம். முதலில் செய்ததை முதலில் எடுத்தோம். இவ்வளவுதான் செய்தது. பத்து நாளில் கழிவு பழைய நிலைக்கு இறங்கியது. அந்தப் பெரியவரிடம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலீங்களே" என்றார். அவர் என்னிடம் 'வாங்க, போங்க' என்று பேசியது அந்த ஒரே தடவைதான்.

அப்போது என் அம்மாவுக்குப் பெரிய வருத்தம். எம்.இ. படிக்கிற பிள்ளை எதற்கு ராத்திரி வேலைக்குப் போக வேண்டும் என்று ஊரிலிருந்து கடிதம் எழுதினார். எம்.இ., எம்.டெக். பட்டம் பெறும் பிள்ளைகளோடு இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் அந்த வருத்தம் இருக்கலாம். அந்த பவுண்டரியில் இருந்த ஆறு மாதத்தில் நான் கற்றதை வைத்துத்தான் இன்றுவரை சோறு சாப்பிடுகிறேன் என்று அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

படிப்போடு பட்டறையைச் சேர்ப்பது கோவைக்குப் புதிதல்ல. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகத்தின் வளாகத்திலேயே 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பாடமும் பட்டறையும் மாறி மாறி வரும் சாண்ட்விச் படிப்பு அங்கே பல தலைமுறைகளைத் தொழிலுக்குத் தந்திருக்கிறது. பிலானியில் பிட்ஸ் நிறுவனம் 1973இல் பிராக்டிஸ் ஸ்கூல் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டத்தில் மாணவர் ஐந்தரை மாதம் நிறுவனத்திலேயே இருக்கிறார். இரண்டு வாரம், நான்கு வாரம் என்று வைக்காமல் ஐந்தரை மாதம் என்று வைத்தவர்களுக்குத் தொழிலின் தன்மை தெரிந்திருந்தது. ஒரு கோளாறு வருவதையும் போவதையும் இரண்டையும் பார்க்க அத்தனை காலம் வேண்டும்.

முதுகலை மாணவர்களை நம் திட்டங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தவருக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் (ஏஐசிடிஇ) மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது, நல்லது. ஆனால் 2024 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்கள், 500 பெரிய நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய். திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி முழுநேரம் படிப்பவர் அதில் சேர முடியவில்லை. முதுகலைப் பட்டம் முடித்தவரும் சேர முடியவில்லை. படிக்கும்போதும் கதவு மூடியிருந்தது, முடித்த பிறகும் மூடியிருந்தது. அதிகம் படித்தவருக்கு ஆலை தேவையில்லை என்று யாரோ நினைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் ஆராய்ச்சி மனம் உள்ளவர்தான் ஆலைத் தரையில் அதிக நேரம் நிற்க வேண்டும்.

வழி நம் கையிலும் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது செமஸ்டர்களில் ப்ராஜெக்ட் இருக்கிறது. அதைக் கல்லூரி ஆய்வகத்தில் மென்பொருளில் ஓட்டி முடிப்பதற்குப் பதிலாக, அதில் ஒரு செமஸ்டரை முழுமையாக ஆலைக்குக் கொடுங்கள் என்று துணைவேந்தர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர்களும் மாதம் இரண்டு நாள் அங்கே போக வேண்டும். மாணவர் உண்மையிலேயே ஆலையில் இருந்தாரா என்றும் பார்க்க வேண்டும்; ஏனென்றால் இன்டர்ன்ஷிப் சான்றிதழைப் பணம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. அப்படி ஒரு சான்றிதழோடு என்னிடம் நேர்முகத்துக்கு வந்த பையனிடம், அந்த ஆலையின் கேட் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தாளை மதிப்பெண்ணாக ஏற்றுக்கொண்ட பெரியவர்கள்மேல்தான் வந்தது.

பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களுக்கு அந்த ஆறு மாதம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கிடைக்காதவர்கள் முதல் வேலையின் முதல் ஆறு மாதத்தை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் இடம் கொடுத்தாலும் தரைக்கு இறங்கிப் போங்கள். தொழிலாளியை அண்ணா என்று கூப்பிடுங்கள், அக்கா என்று கூப்பிடுங்கள், கேளுங்கள். இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் நீங்கள் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆவீர்கள். அப்போது ஒரு மாணவர் கோப்போடு உங்கள் முன்னால் வந்து நிற்பார். அவரை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பாதீர்கள். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை அவரிடம் கொடுங்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான பணம் கொடுங்கள்.

எங்கள் ஆலையில் வரும் ஜனவரி முதல் ஜூன் வரை முதுகலை மாணவர்கள் நான்கு பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். உதவித்தொகை உண்டு, கேன்டீன் சாப்பாடு உண்டு, பெண் பிள்ளைகளுக்குப் போகவர வண்டி ஆலையே அனுப்பும். ராத்திரி நடக்கும் மூன்றாவது ஷிப்டுக்கும் வரச் சம்மதிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. உங்கள் ஜூனியர்களிடம் சொல்லுங்கள்.