பதில் வராத தந்தி



1935-ஆம் ஆண்டு, ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ராயல் ஓக் என்றொரு ஊர். டெட்ராய்ட்டுக்குப் பக்கம். அங்கே சார்ல்ஸ் காக்லின் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் வானொலியில் பேசுகிறார். லட்சக்கணக்கான வீடுகளுக்கு வாராவாரம் பழகிப்போன குரல் அது. ஹேக் நகரில் அன்று இருந்த சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்கா சேரவே கூடாது, உங்கள் செனட்டருக்கு உடனே தந்தி அடியுங்கள் என்கிறார்.

மறுநாளே வாஷிங்டனில் தந்திகள் மலைபோல் குவிந்தன. செவ்வாய்க்கிழமை செனட்டில் வாக்கெடுப்பு. சேரலாம் என்றவர்கள் 52 பேர், வேண்டாம் என்றவர்கள் 36 பேர். ஆனாலும் தீர்மானம் தோற்றது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது அங்கே விதி. அதற்கு ஏழு வாக்குகள் குறைந்தன. முதல் உலகப்போருக்குப் பிறகு அதிபர் வில்சன் பாடுபட்டு உருவாக்கிய சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேராமல் போனதும் 1920-இல் இதே விதியால்தான்.

இப்படி ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்து பேசும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

ஆனால் தந்தி அடித்த அந்த மக்களை விவரமில்லாதவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் உலகப்போரில் அவர்கள் பறிகொடுத்த வீரர்கள் சுமார் 1,16,000 பேர். அதில் பாதிக்கு மேல் நோயில் மாண்டவர்கள். கடன் வாங்கிய ஐரோப்பிய நாடுகளோ, 1934-க்குள் ஃபின்லாந்தைத் தவிர, திருப்பித் தருவதை நிறுத்திவிட்டன. உள்நாட்டில் பெருமந்தம், வேலையில்லாத் திண்டாட்டம். இந்த நேரத்தில் வடக்கு டகோட்டா செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் ஒரு குழு, ஆயுத ஆலைகளும் வங்கிகளும் அந்தப் போரில் சம்பாதித்த லாபத்தைத் தோண்டி எடுத்து மக்கள் முன் வைத்தது. யாரோ பணம் சேர்க்கத்தான் நம் பிள்ளை செத்தானா என்று ஒரு தாய் கேட்டால், அவளுக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

இண்டியானாவைச் சேர்ந்த லூயி லட்லோ என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒரு யோசனை கொண்டுவந்தார். எதிரி நம் மண்ணில் காலை வைத்தாலொழிய, பொதுமக்களின் வாக்கைக் கேட்காமல் போரில் இறங்கக் கூடாது. அரசியல் சட்டத்தையே அப்படித் திருத்த வேண்டும் என்றார். 1938 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. எதிர்ப்பு 209, ஆதரவு 188. அதிபர் ரூஸ்வெல்ட் நேரடியாகக் கடிதம் எழுதி எதிர்த்தும் இவ்வளவு நெருக்கம்! சாகப்போகிறவர்களின் வீட்டாரைக் கேட்டுவிட்டுப் போருக்குப் போ என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

மதிக்க முடியாதது வேறு. 1935 முதல் வரிசையாக வந்த நடுநிலைச் சட்டங்கள், போரிடும் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கக் கூடாது என்றன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஸ்பெயினுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுக்கு எதிராகத் தளபதி ஃபிராங்கோவின் படை கிளம்பியது. ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானமும் ஆளும் அனுப்பினார்கள். 1937 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஸ்பெயினுக்கு ஆயுதம் போவதைத் தடுத்தது. செனட்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். பெட்ரோலோ ஆயுதப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவிலிருந்தே அது ஃபிராங்கோவுக்குக் கடனுக்குப் போனது. ஏப்ரலில் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் ஸ்பெயினின் குவெர்னிகா நகரத்தை எரித்தன. அடிப்பவனையும் அடிவாங்குபவனையும் ஒரே தராசில் நிறுத்தினால், தட்டு அடிப்பவன் பக்கம்தான் சாயும். அதை நடுநிலை என்று சொல்ல என் நா எழவில்லை.

கதவடைப்பு ஆயுதத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குடியேற்றத்துக்கு நாட்டுவாரியாக உச்சவரம்பு வைத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து செயின்ட் லூயி என்ற கப்பல் 937 பயணிகளோடு கியூபாவுக்குக் கிளம்பியது. ஏறக்குறைய எல்லோரும் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்கள். கியூபாவில் இறங்க முடிந்தவர்கள் 28 பேர். மற்றவர்களோடு கப்பல் வடக்கே, ஃபுளோரிடாக் கரையோரம் வந்தது. மேல்தளத்தில் நின்றவர்களுக்கு மயாமி நகரத்து விளக்குகள் தெரிந்தன.

பிள்ளை குட்டிகளோடு நின்ற அந்த மக்களும் தந்திதான் அடித்தார்கள், ரூஸ்வெல்ட்டுக்கு. பதில் வரவில்லை.

ஜூன் மாதம் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன் 288 பேரை ஏற்றுக்கொண்டது. மீதிப் பேரை பெல்ஜியமும் ஹாலந்தும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்டன. அடுத்த ஆண்டு மே மாதம் ஹிட்லரின் படை அந்த மூன்று நாடுகளுக்குள்ளும் புகுந்தது. கப்பலில் வந்தவர்களில் 254 பேர் அதற்குப் பிறகு உயிரோடு மிஞ்சவில்லை.