அரணையை அறிவோம்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



‘அரணை கடித்தால் மரணம்’ என்பது நம் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அரணையை நேரில் கண்டால் சிலர் ஓணான் என்பார்கள். சிலர் பாம்பு என்று ஓடுவார்கள். என் பள்ளியில் சத்துணவுக் கூடத்தின் பின்புறம் ஓர் அரணையை மாணவர்கள் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். “சின்னப் பிள்ளைங்களைக் கடிச்சிடும்னுதான் அடிச்சோம் சார்” என்றான் ஒருவன். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதம்தான் வகைப்பாட்டியல் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். ஆனால், அரணை எது என்று ஒருநாளும் காட்டியதில்லை.

அரணைக்கு நஞ்சு கிடையாது. பூச்சிகளைத் தின்று வாழும் ஊர்வன அது. பாம்பரணை, பாம்புராணி என உங்கள் ஊரில் எப்பெயர் வழங்கினாலும், அதை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, உடல் எப்படி இருக்கிறது? ஓணானின் உடல் சொரசொரப்பானது. முதுகில் முள்வரிசை உண்டு. அரணையோ எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும்.

இரண்டு, கண் இமைக்கிறதா? அரணை இமைக்கும். வீட்டுப் பல்லிக்கும் பாம்புக்கும் அசையும் இமை இல்லை.

மூன்று, காலும் காதுத் துளையும் உண்டா? அரணைக்கு இரண்டும் உண்டு. பாம்புக்குக் காதுத் துளை கிடையாது. புள்ளி அரணையின் கால்கள் மிகச் சிறியவை. குஞ்சின் வால் சிவப்பாக இருக்கும். பாம்பென்று அடிபடுவது பெரும்பாலும் இதுதான்.

உயர்நிலை வகுப்பில் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். நம் தோட்டங்களில் காணும் பெரிய அரணை யூட்ரோபிஸ் கரினேட்டா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் மெல்லிய மேட்டுக் கோடுகள் தெரியும். பெரும்பாலும் 3 இருக்கும். அதன் உறவான யூட்ரோபிஸ் மாகுலேரியாவில் பொதுவாக 5 அல்லது அதற்கு மேல் இருக்கும். நிறத்தை நம்பிப் பெயர் சொல்லக்கூடாது, எண்ணிப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பதை மாணவர் இங்கே கற்கிறார்.

1801இல் ஷ்னைடர் இதற்கு ஸ்கின்கஸ் கரினேட்டஸ் என்று பெயரிட்டார். பின்னர் நெடுங்காலம் மபுயா என்ற பேரினத்தில் இருந்தது. 2000க்குப் பின் வந்த டி.என்.ஏ. ஆய்வுகள், அமெரிக்க மபுயாக்களும் ஆசிய இனங்களும் வேறு கிளைகள் எனக் காட்டின. ஆசிய இனங்களுக்கு யூட்ரோபிஸ் என்ற பெயர் வந்தது. பழைய நூலில் மபுயா என்று கண்ட மாணவர், “எது சரி?” என்று கேட்டால் மகிழுங்கள். சான்று மாறினால் அறிவியல் தன் முடிவைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஓர் எச்சரிக்கை. எதையும் பிடிக்கச் சொல்லாதீர்கள். தள்ளி நின்று பார்த்தால் போதும். கடித்தது எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால், அரணைதான் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த வாரம் வகைப்பாட்டுப் பாடத்தைப் பள்ளி வேலியோரம் தொடங்குங்கள். கல்லெடுத்த கை குறிப்பேட்டை எடுக்கும்.